கல்யாண வீட்டு வாசலில் புலி

நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதி, சுராபாயாவில் மகள் படிக்க இதைக் கேட்கும் என் கிழவிக்கு,

பக்கத்து வீட்டு ரத்மி திக்காமல் படிக்க வேண்டுமாம். தினமும் எனக்குச் சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லி, பள்ளிக்கூடத்து வேனிங் டீச்சர் அவளை அழைத்துவந்து விட்டார்.

“நான் எதுக்கும்மா?”

“உங்களுக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியாதே தாத்தா. பயமில்லாம படிப்பா.”

மரவள்ளிக்கிழங்கு வறுத்துக்கொடுத்துக் கேட்டேன். திக்கல் போய்விட்டது. நேற்று, கதையில் கல்யாண வீட்டு வாசலில் புலி வந்து நின்றதும், ரத்மி வாயை மூடிக்கொண்டு கண்ணாலேயே படிக்கிறாள்.

“புலி என்னடி பண்ணுச்சு?”

“நீங்களே படிங்க தாத்தா. நான் திருத்த மாட்டேன்.”

புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

அவள் விரல் ஓடிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது; எழுத்துக்கூட்டி மூன்று வரி தாண்டிவிட்டேன். புலி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அதனால் இந்த ஞாயிறு நான் அங்கே வரமாட்டேன். நீ வா, படித்துக்காட்டுகிறேன். இது ஒன்றிலாவது உன்னால் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

உன் கிழவன்