‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். தல்லாகுளம் ரோடு காலையிலேயே கொதிக்கிறது. ஊர் வியர்த்தால்தான் நமக்குச் சோறு. நம் உதிரிபாகக் கடையில் கெப்பாசிட்டர் தீரப்போகிறது, ஆர்டர் போட வேண்டும்.

நான் நடத்தும் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குரூப்புக்கு இது கடைசி வாரம். ஆள் நிரம்பி வழிகிறது. “அவுட்டோர் ஓடுது, கூலிங் இல்ல, என்னண்ணே செய்ய?” என்று ஒருவர் கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கூடை ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ. வெள்ளிக்கிழமை பூட்டு. புது இணையத் தளம் தயார்! நாகமலை புதுக்கோட்டை திவ்யா கட்டித் தந்தது. தேடினால் பழைய பதில் வந்து நிற்கிறது. புது வண்டி வாங்கியவன் மாதிரி சும்மா சும்மா தேடிப் பார்க்கிறேன்.

ஒரே பயம், சிக்கந்தர் பாய். ‘சிக்கந்தர் கூலிங்’ கடைக்காரர். அவர் குரலைக் கேட்கத்தான் பாதிப் பேர் குரூப்பில் இருக்கிறார்கள். அவர் வராவிட்டால் புதுத் தளம் காற்று வாங்கும்.

மே 5, செவ்வாய்

போனில் சி. பாய். பொரிந்து தள்ளிவிட்டார்.

“ஏணியில ஒரு கை, கம்ப்ரஸர்ல ஒரு கை. எங்குட்டுத் தங்கச்சி டைப் அடிக்க?”

நியாயம்தானே. உடனே திவ்யாவைப் பிடித்தேன். குரல் பதிவு வேண்டும் என்றேன்.

“குரல்ல பேசுனா தேடுறப்ப சிக்காதுக்கா.”

“தலைப்ப மட்டும் அடிக்கட்டும். மிச்சத்தப் பேசட்டும்.”

சாயங்காலம் மைக் பொத்தான் வந்துவிட்டது. தங்கம்!

புதியவர்களை நான் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். தொழில் தெரியாத ஆள் ஒருவர்கூடக் கூடாது. விதி போட்டவளும் நானே, வாசல் காப்பவளும் நானே.

கெப்பாசிட்டர் ஆர்டர்: மறந்தாச்சு.

மே 7, வியாழன்

அறிவிப்புப் போட்டேன். “நாளைக்கு இங்கே பூட்டு. புது வீட்டுக்கு வாங்க.”

கொட்டுகிறது பதில்! “வாரேன்.” “வாரேங்க்கா.” சோழவந்தான் மெக்கானிக் பாண்டி: “கேஸ் சிலிண்டரோட வாரேங்க்கா.” அம்புட்டுப் பேரும்! கல்லாவில் உட்கார்ந்தபடி கைதட்டிவிட்டேன். கம்ப்ரஸர் விலை கேட்டு வந்தவர் முறைத்தார். முறைக்கட்டும்.

கடைசியாக சி. பாய். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனிதர், ஒரே வரி. “சரி தங்கச்சி, வாரேன்.” சொல்லிவிட்டுக் குரூப்பிலிருந்து வெளியேறினார். ஜெயித்துவிட்டேன்!

இரவு. கடை அடைக்கும்போது எதிர் டீக்கடைக்காரரிடம் வழக்கம்போல் “வாரேண்ணே” என்றேன். பூட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். நம் ஊரில் கிளம்புகிறவன் ‘போறேன்’ என்றா சொல்லுவான்? போவதற்கும் வாரேன்தான், வருவதற்கும் வாரேன்தான். இவர்கள் எந்த வாரேன்?

மே 8, வெள்ளி

காலையில் திறப்பு. வாசலில் கூட்டம்! முதல் விண்ணப்பமே அப்துல் ரஹீம் என்று யாரோ. கடைப் பெயர் இல்லை, படம் இல்லை. இன்சூரன்ஸ் விற்கிற ஆசாமியாக இருக்கும். ‘காத்திருக்கவும்’ தட்டினேன். அடுத்து பாண்டி, உள்ளே! அப்புறம் தேனி, விருதுநகர், பரமக்குடி. மதியச் சோறு மறந்து போனது.

மாலை, பழைய குரூப்புக்குப் பூட்டு. சி. பாய் மட்டும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார் என்று மதியம் மனதைத் தேற்றினேன். பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மே 9, சனி

உள்ளே அத்தனை பேர், பேச்சு மட்டும் இல்லை. மாப்பிள்ளை வராத கல்யாண வீடு. ஒருவர் மட்டும் கேட்டிருக்கிறார். “ஏசியில ஐஸ் கட்டுது, என்ன செய்ய?” பதில் இல்லை.

பாண்டி போன். “அக்கா, பாய் வரலையா? அவரு இல்லாம அங்க நாங்க என்னத்தப் பேச? பழசையே தொறந்து விடுங்க.”

அழுதேன். எனக்கு நானே எழுதுவதில் என்ன வெட்கம்.

மே 10, ஞாயிறு

கடை லீவு. துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது போன். சி. பாய்! சோப்புக் கையோடு எடுத்தேன்.

“ஏன் பாய் எங்கள விட்டுட்டுப் போனீங்க?”

“எங்க போனேன்? தங்கச்சி மக நிக்காஹ், திண்டுக்கல்லு. போன் பையில கெடந்துச்சு.”

“குரூப்ப விட்டு?”

“புது வீட்டுக்கு வாங்கன்னு நீதான சொன்ன? பழைய வீட்டக் காலி பண்ணாம எப்புடி வர்றது? வாரேன்னேன், பொழுது விடிய மொத ஆளா வந்தேன். காத்திருக்கவும், காத்திருக்கவும்னே நிக்கிது.”

“உங்க பேரே வரலையே பாய்!”

“சிக்கந்தர் எங்க அத்தா பேரும்மா. கடைக்கு வச்சது. எம்பேரு அப்துல் ரஹீம்.”

இத்தனை வருஷப் பழக்கம். பேர் தெரியாது எனக்கு!

“வாசல்லயே நிக்கிறேன் தங்கச்சி. கதவத் தொறம்மா.”

சோப்பு விரல் வழுக்கி வழுக்கித் தட்டினேன். உள்ளே வந்த மனிதர் நேரே மைக் பொத்தானுக்குப் போனார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். ஐஸ் கட்டுதுன்னது யாருப்பா?”