பட்டு பற்றி ஐந்து கேள்விகள்

இவாஞ்சலினுக்கு,

நீ கோபித்துக்கொண்டு கலசப்பாக்கம் அத்தை வீட்டுக்குப் போன மறுநாள், உன் ஆங்கிலப் பயிற்சித் தாளோடு கோச்சிங் சென்டருக்குப் போனேன். பட்டுத் துணி பற்றிய பத்தியில் கேட்ட ஐந்து கேள்விக்கும் உன் விடை தப்பு. "ஆரணியில பொறந்துட்டு இதுகூடத் தெரியலயா? பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம், நம்ம பட்டுக் கடைக்கு வா" என்று கத்தியவன் நான்தானே.

அங்கே பாடம் எடுக்கும் பிரின்ஸ் சார் பத்தியைத் தமிழில் சொன்னார். எடை கூடினால் பட்டு உசத்தி என்று அதில் இருக்கிறதாம். கஞ்சி ஏற்றினாலும் எடை கூடும் என்று தெரிந்த நீ, 'தவறு' என்று குறித்திருக்கிறாய். மற்ற நாலும் இதே கதைதான்.

"எம் பொண்ணு சரியாத்தானே சார் போட்டுகினு வந்துருக்குது?"

"சரிதாங்க. பத்தியில அப்படி இல்லயே. உங்க கடைய மறந்துட்டுப் படிக்கணும்."

தெரிந்ததை மறந்தால்தான் மார்க்கா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதை எழுதியவர் நம் கடைக்கு வந்தால் கஞ்சிப் புடவையைத்தான் வாங்கிப் போவார். உன்னிடம் என்ன சொல்வதென்றும் விளங்கவில்லை. மாம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா முன்னால் நான் ஒப்புக்கொண்டது இது: ஞாயிற்றுக்கிழமை நீ பரீட்சை எழுது. அந்த இரண்டு மணி நேரம் தாள் சொல்வதே சரி. கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் எழுது. கடைக்கு வா என்று நான் கூப்பிட மாட்டேன்.

உன் அப்பா