நெடுங்கேணியிலிருந்து வரும் சிவப்பு

ஜனவரி 20, செவ்வாய்

பனி. வாழை இலையிலிருந்து மழை மாதிரிச் சொட்டு. அறுவடை மெசின் இன்னும் வட்டக்கச்சிப் பக்கம் வரவில்லை. அப்பா கேற்றடிக்கும் வீட்டுக்குமாக நடை.

விடிந்ததும் மெயில் பார்த்தேன். முதலாவது: அனுப்பியவர் மகேந்திரன். தலைப்பில் சிவப்புப் புள்ளி. சோதனை தோல்வி.

மகேந்திரன் அண்ணை செத்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. எலிக்காய்ச்சல். வயலுக்குள் நின்றவர், காய்ச்சல் என்று படுத்தார், வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அந்தக் கிழமையே முடிந்தது. கிளிநொச்சியில் எங்கள் சின்னக் கொம்பனியில் என் பக்கத்து மேசை. கிழமையில் பாதி நாள் நெடுங்கேணியில் வீட்டிலிருந்தே வேலை செய்வார். அங்கே அவருடைய மேசையில் ஒரு சோதனைப் போர்ட், உள்ளங்கை அளவு கறுப்புப் பலகை. பழைய லப்டொப் ஒன்றோடு பூட்டியிருக்கிறது. விடியற்காலையில் தானாகவே சோதனையை ஓட்டி, முடிவை அவர் பெயரில் எங்களுக்கும் அவருக்கும் அனுப்பும்.

அவர் எழுதுவதில்லை, மெசின் எழுதுகிறது. தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசிக்கிறேன்.

கொம்பனிப் பொறுப்பாளர் பிரதீபன் சேர் மத்தியானம் கூப்பிட்டார். ம. அண்ணையின் வேலை இனி எனக்கு. மெயிலைப் பற்றிச் சொன்னேன்.

"அதை ஸ்பாமுக்குள்ள தள்ளிவிடும், நிரோஜா."

தள்ளவில்லை.

வாங்க: அப்பாவின் பிறஷர் குளிசை, சவர்க்காரம், நுளம்புத்திரி.

ஜனவரி 22, வியாழன்

பகல் முழுக்க ம. அண்ணையின் கோட். சுத்தமான கை. தேவையில்லாத ஒரு வரி இல்லை.

பிரச்சினை இது. ஆளுக்கு விளங்கப்படுத்துவது போல எழுதினால் எனக்கும் விளங்கும். ஒரு ஃபங்ஷன், அதாவது புறோகிராமின் ஒரு சின்னத் துண்டு, வேலை தொடங்கும்போது நினைவகத்தில் தனக்கென்று கொஞ்ச இடம் பிடிக்கும். முடிக்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பும். அந்தக் கடைசிச் சில கட்டளைகள்தான் எபிலோக். இடத்தைக் கொடுத்த பிறகு அந்த ஃபங்ஷன் வைத்திருந்த எண்கள், அதன் மாறிகள், என்று எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் டிபக்கருக்கு, மாறிகளைக் கண்காணித்துப் பிழை தேடும் புறோகிராமுக்கு, அது தெரியாவிட்டால் அது தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஆருடையதோ எண்களைப் பார்த்துவிட்டு, "மாறிவிட்டது, மாறிவிட்டது" என்று சத்தம் போடும். ஆகவே றிஸ்க்-ஃபைவ் சிப்பில் எது எபிலோக் என்று அதற்குக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். அண்ணை சொல்லிக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார். ஒரே ஒரு சோதனையில் மட்டும் பிழை வருகிறது. குளத்து நீர்மட்டம் அளக்கும் கருவியின் புறோகிராம்.

இங்கே அந்தப் போர்ட் இல்லை. தூரத்திலிருந்து நெடுங்கேணிப் போர்ட்டுக்கே இணைத்துப் பார்த்தேன். வராது என்றுதான் நினைத்தேன். உடனே பதில். தயார் என்றது. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு இருந்து, கட்டளை கட்டளையாக நடத்திப் பார்த்தேன். பின்னேரம் வரை. ஒன்றும் பிடிபடவில்லை.

வாட்ஸப்பில் அவருடைய பெயரைத் தட்டினேன். ஏன் தட்டினேனோ. "கடைசியாகப் பார்த்தது: இன்று காலை."

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். விசர் வேலை.

ஜனவரி 24, சனி

விடிய மெயில் இல்லை.

வந்தால் ஒரு மாதிரி. வராவிட்டால் அதைவிட மோசம். தேத்தண்ணி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிபோல வந்தது. சிவப்பு. நெடுங்கேணியில் கரண்ட் நின்றிருக்கவேண்டும்.

அப்பா: "ஆரின்ர மெயிலுக்குப் பிள்ளை இவ்வளவு பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"மகேந்திரன் அண்ணையின்ர."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பெடியன் நல்ல பெடியன்," என்றார். அண்ணை உயிரோடிருந்தபோது ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டவர் இதே அப்பா. நெடுங்கேணி என்றார் அண்ணை. "அதுக்கு முதல்?" பதுளை என்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா அதற்குப் பிறகு அண்டைக்கு அதிகம் கதைக்கவில்லை. இன்றைக்கு நல்ல பெடியனாம்.

ஜனவரி 26, திங்கள்

பிரதீபன் சேர்: வாடிக்கையாளருக்கு அந்தப் போர்ட் திரும்ப வேண்டும். "நீர் நாளைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாரும். அவாவோட நல்லமாதிரிக் கதையும்."

அவா என்றது அண்ணையின் மனைவி கலைவாணி அக்காவை. செத்தவீட்டில் ஒருக்காப் பார்த்தது மட்டும். வெறுங்கையோடு போகேலாது. தோடம்பழம், பிஸ்கற்.

ஜனவரி 27, செவ்வாய்

போய் வந்தேன். போர்ட் இல்லாமல்.

நெடுங்கேணிச் சந்தியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடை. காட்டுக் கரை வீடு. வேலியோரம் யானை விரட்டக் கொளுத்திய வெடிக் கடதாசி சிதறிக் கிடந்தது. அக்கா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தா. காலில் சேறு. "வாங்க தங்கச்சி, வாங்க," என்று கதிரையைத் துடைத்தா.

அறையில் எல்லாம் அப்படியே. மேசை, லப்டொப், போர்ட். போர்ட்டில் ஒரு குட்டி லைற். பக்கத்தில் சார்ஜரில் அண்ணையின் போன். ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுகிறாவாம். விடிய மெயில் வரும் சத்தத்துக்கு எழும்பி, மெயிலையும் வாட்ஸப்பையும் திறந்து பார்ப்பாவாம். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய என் போன் நினைவு வந்து வெட்கமாக இருந்தது.

போர்ட்டை எடுக்க வந்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்க, அவாவே கேட்டா.

"போன கிழமை பகல்லையும் இந்த லைற் மின்னினது. பொழுதுபடும் வரைக்கும். அது நீங்களா?"

"ஓம் அக்கா. நான்தான். அங்கயிருந்து வேலை செய்தனான்."

அக்கா போர்ட்டைத் திரும்பிப் பார்த்தா.

"நான் பக்கத்தில இருந்து கனக்கக் கதைச்சிட்டன்."

"எனக்கு ஒண்டும் கேக்காது அக்கா. சத்தியமா."

"தெரியும்." சேலைத் தலைப்பால் போர்ட்டின் பக்கத்துத் தூசியைத் துடைத்தா. "காய்ச்சல் எண்டு படுத்த அண்டே இவர் வவுனியாவுக்குப் போவம் எண்டவர். பனடோல் போடுங்க, நாளைக்குப் பாப்பம் எண்டது நான். அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன். சொல்லச் சொல்ல அது மின்னிச்சு. அடுத்த நாள் விடியப் பாத்தா சிவப்பு. எல்லா நாளும் சிவப்புத்தான். இவருக்குக் கோவம் தீரல்ல."



"அக்கா, அது அவர் அனுப்புறது இல்லை. எங்கட புறோகிராமில ஒரு பிழை. அதுதான் சிவப்பு."

"அதுவும் தெரியும் தங்கச்சி. ஒண்டும் தெரியாத ஆள் இல்லை நான். ஆனா விடியக்காலையில தெரியிறேல்ல."

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். கோபிக்கவில்லை. போர்ட்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றா, அவ்வளவுதான்.

"பச்சை வந்தா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வயலைப் பாப்பன் எண்டு சொன்னவர். பச்சை வரட்டும். பிறகு நானே கழட்டித் தாறன்."

வரும் வழியில் பஸ்ஸில் பிரதீபன் சேரின் அழைப்பு.

"அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோட வாறீரோ?"

"பிழையைத் திருத்திப்போட்டு எடுக்கிறன் சேர்."

"எப்ப திருத்துவீர்?"

"தெரியாது."

பெருமூச்சு. திங்கள் வரைக்கும் தந்தார். அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாதாம்.

ஜனவரி 29, வியாழன்

மெசின் வந்துவிட்டது. பக்கத்து வயலில் இரைச்சல். யன்னல் பூட்டியும் மேசையெல்லாம் தூசி.

இணைக்கமுன் கலைவாணி அக்காவுக்கு மெசேஜ்: "இப்ப மின்னப்போறது நான்தான் அக்கா."

பதில்: "சரி தங்கச்சி."

கொஞ்சம் கழித்து: "இருந்தாலும் பக்கத்தில இருக்கிறன்."

ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே ஒரு மின்னல். பக்கத்தில் அவா. விரல் பாரமாகிவிட்டது. பின்னேரம் தலையிடி, வேலை பூச்சியம்.

சாப்பாடு: பாணும் பருப்பும். அப்பா வயலில்.

ஜனவரி 30, வெள்ளி

பிடிபட்டது!

அந்த ஃபங்ஷனில் திரும்பும் கட்டளையே இல்லை. இவ்வளவு நாளும் நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அண்ணையின் கோடும் அதைத்தான் தேடுகிறது. நீர்மட்டத்தைப் பார்க்கும் ஃபங்ஷன் கடைசியாக இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அளவை அனுப்பும் ஃபங்ஷனை. கூப்பிட்டு, அது முடிந்து இங்கே வந்து, பிறகு திரும்புவது வீண் வேலை என்று, கோடை மெசினின் மொழிக்கு மாற்றும் கொம்பைலர் குறுக்கு வழி எடுத்திருக்கிறது. தன் இடத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே அடுத்ததற்குள் பாய்ந்துவிடுகிறது. திரும்பவே இல்லை. டிபக்கரோ, திரும்பும் கட்டளையைக் காணவில்லை, ஆகவே ஆள் இன்னும் உள்ளேதான் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறது.

பாய்ச்சல் எல்லாவற்றையும் எபிலோக் என்று எடு என முதலில் மாற்றினேன். சத்தம் நின்றது. ஆனால் ஃபங்ஷனுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்பில் நடக்கும் பாய்ச்சலிலும் வாயை மூடிக்கொண்டது. உண்மையான மாற்றத்தையும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் நாளைக்குப் பச்சை வரும். பொய்ப் பச்சை. ஒருவருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கள் இருக்கிறது, அக்கா இருக்கிறா. பிறகு அழித்தேன். அண்ணையின் பெயரில் போகும் மெயில்.

இரண்டாவது: பாய்ச்சலுக்கு முன், எடுத்த இடம் முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாயும் இடம் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் மட்டும் எபிலோக்.

ஏற்றியாகிவிட்டது. விடிய அங்கே தானாக எடுத்து ஓட்டும். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிழை வந்தால்?

ஜனவரி 31, சனி

பச்சை.

அனுப்பியவர் மகேந்திரன். எல்லாச் சோதனையும் சரி.

துள்ளுவேன் என்று நினைத்தேன். கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அக்காவிடமிருந்து சத்தமில்லை. நானும் கூப்பிடவில்லை.

பெப்ரவரி 2, திங்கள்

காலையில் நெடுங்கேணி. பனி விலகாத பஸ். றைவர் ஹோனில் கை வைத்தபடியே.

அக்கா தலைக்குத் தோய்ந்திருந்தா. முகம் வீங்கியிருந்தது. தேத்தண்ணி தந்து, தானும் எடுத்துக்கொண்டு முன்னால் இருந்தா.

"பச்சையைப் பாத்ததும் சந்தோசம் வரேல்ல. பயம்தான் வந்திச்சு. இனி விடிய எழும்பி என்னத்தைப் பாக்கிறது எண்டு."

கோப்பையைக் கையில் உருட்டினேன்.

"நேற்றும் பச்சை. இண்டைக்கும் பச்சை. இண்டைக்குப் பாக்காமலே பேசாமக் கிடந்தன். பிறகுதான் பாத்தன்." கோப்பையைக் கீழே வைத்தா. "அவர்ட வேலையில வேற ஒண்டும் மிச்சம் இல்லையே?"

இருக்கிறது. இடத்தைக் கொடுத்து, திரும்பி, எல்லாவற்றையும் ஒரே அடியில் செய்யும் புதுக் கட்டளை ஒன்று. அண்ணை அதைத் தொடவே இல்லை. நானும்தான்.

"மிச்சமில்லை அக்கா."

தலையாட்டினா. எழும்பிப் போய் வயரைத் தானே இழுத்தா. லைற் நின்றது. போர்ட்டைத் துவாய் ஒன்றால் சுற்றி, அதைப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டு என் கையில் தந்தா. பிறகுதான் அழுதா. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பெரிய சத்தமாக, வயலில் நின்ற ஆக்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "ஒரு நாள் முந்தி. ஒரே ஒரு நாள் முந்தி." நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஈரத் தலைமயிர் என் தோளை நனைத்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இந்த மேசையை ஒருக்காப் பிடியுங்க தங்கச்சி," என்றா. வருகிற கிழமை வெட்டு. நெல்லு மூட்டைக்கு அறை வேண்டுமாம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே வைத்தோம். நல்ல பாரம். முதிரை மரம்.

புளியங்குளத்தில் பஸ் மாறினேன். யன்னல் பக்கம் நான், பக்கத்து சீற்றில் பை. கனகராயன்குளத்தில் சனம் ஏறியது. கையில் பெட்டியோடு ஒரு அம்மா வந்து நின்று, பையைக் காட்டிக் கேட்டா.

"இதில ஆரும் இருக்கினமோ பிள்ளை?"

"ஓம்," என்றேன்.

அவா தள்ளிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. பஸ் வெளிக்கிட்டது. மாங்குளம் வரும் வரை எனக்கு எழும்பவும் இயலவில்லை, கூப்பிடவும் இயலவில்லை. பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"அம்மா, வாங்கோ. இருங்கோ."