கேரியரில் ஒரு விளக்குமாறு

மத்தியானம் சாப்பிடக் கை கழுவினேன். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் இருந்த குங்குமம் போகவில்லை. தயிர்சாதத்தை மீறி வெண்பூசணியின் பச்சை வாடை லேசாக வந்தது. எதிரே உன் நாற்காலியில், புதிதாக வேலைக்கு வந்த பெண் செல்போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உனக்குப் பாதி சொன்னாலே போதும். ஆனாலும் முழுதாகவே எழுதுகிறேன். நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை இது.

நீ பழங்காநத்தத்திலிருந்து கிளம்பி ஜெய்ஹிந்த்புரத்தில் என் தெருமுனைக்கு வந்து நிற்பாய். சைக்கிள் மணியை அடிக்க மாட்டாய். "இன்னுமாடி சடை பின்ற?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாய். அங்கிருந்து தெற்குவாசல், தெப்பக்குளம், குருவிக்காரன் சாலைப் பாலம், அண்ணா நகர் என்று மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் நம் ஆபீஸ் வரைக்கும் ஓரமாக இரண்டு சைக்கிள்கள் போகும். பக்கத்தில் கார்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் என்னவோ அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதுபோல.

நாம் கொள்கைக்காகச் சைக்கிள் ஓட்டவில்லை. உனக்குப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும். எனக்கு உன்னோடு பேசிக்கொண்டே போகலாம். "சுற்றுச்சூழலுக்காகவா மேடம்?" என்று மேனேஜர் பெருமையாகக் கேட்டார். "இல்ல சார், வாந்திக்காக" என்றாய். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, கீழ்த்தளத்தில் சைக்கிளுக்கு இடமில்லை, வெளியே நிறுத்துங்கள் என்று வாட்ச்மேன் அண்ணன் மறித்தார். நான் திரும்பிவிட்டேன். நீ நகரவில்லை. "அண்ணே, காருக்கு நாலு சக்கரம், எங்களுக்கு ரெண்டு. பாதி இடம் குடுங்க, போதும்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு மனிதரால் மறிக்க முடியாது. ஜெனரேட்டருக்குப் பின்னால் கிடைத்த அந்த மூலை இன்றைக்கும் நம்முடையதுதான்.

அந்த வருஷ ஆயுத பூஜையில்தான் எலுமிச்சம்பழக் கூத்து நடந்தது. கார்களுக்கெல்லாம் சந்தனம், மாலை, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு பழம். ஒவ்வொன்றாக முன்னால் உருட்டி நசுக்கினார்கள். எங்கள் வண்டிக்கு என்று நீ ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி உன் பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்தாய். ஏறி மிதித்தாய். பழம் நசுங்காமல் வழுக்கி மேனேஜர் காலடிக்குப் போனது. மறுபடி வைத்தாய், மறுபடி ஓடியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்து, "ஏன்டி வேடிக்கை பாக்குற, பின்னால ஏறு" என்றாய். கேரியரில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் கனத்தில் பழம் ஒருவழியாகப் பிதுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு அப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து ஆபீசுக்குப் போகும் காலையில்தான் சாலையைப் பார்க்க வேண்டும். கடைக்கு ஒரு பூசணிக்காய், லாரிக்கு ஒரு பூசணிக்காய் என்று குங்குமம் அப்பித் திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான்கு சக்கரக்காரரை அது ஒன்றும் செய்யாது. தெப்பக்குளத்துத் திருப்பத்தில், நமக்கு முன்னால் பால் கேன் கட்டிய மொபெட்டில் போனவர் அதில் ஏறி அப்படியே சரிந்தார். குங்குமத்தின் மேல் பால் ஓடியது. நல்லவேளையாக முழங்கையில் சிராய்ப்போடு எழுந்துகொண்டார். நான் அவருடைய கேனைத் தூக்கிக் கொடுத்தேன். நீ சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, துண்டுகளைக் காலால் ஓரமாக எத்தித் தள்ள ஆரம்பித்தாய். ஒட்டிக்கொண்டதைக் கையால் எடுத்துப் போட்டாய்.

எனக்குப் பதறியது. திருஷ்டி கழித்துப் போட்டதைத் தாண்டக்கூடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். "தொடாதடி, கழிச்சது! ஒட்டிக்கிரும்" என்று கத்தினேன்.

நீ நிமிர்ந்தாய். "கார்க்காரன் மேல விழுந்த பொறாமைதானே? ஒட்டட்டும்டி. நம்மளையும் நாலு பேரு பொறாமையாப் பாக்கட்டுமே."

அன்றிலிருந்து வருஷா வருஷம், விடுமுறைக்கு மறுநாள் அந்தத் திருப்பத்தில் நீ இறங்குவாய். நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. அது எப்படி வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. உன் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கழிச்சுப் போட்டதை நடுரோட்டுல நின்னு எத்துனா வேற என்ன ஆகும்? எம்புட்டுச் சொன்னேன், கேட்டாளா?" வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதை நம்பாதவள் என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அன்று ராத்திரி, எதையும் தொடாமல் சைக்கிளை மட்டும் பிடித்திருந்த என் கைகளை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் உன் மாமியார் சொன்னதைக் கேட்டு மனசில் வைத்துக்கொண்டார். "தனியா அந்த ரோட்டுல சைக்கிள் வேணாம். ஆயுத பூஜைக்கு உனக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துருவோம்" என்றார். சரி என்றேன். மறுக்கக் காரணம் இல்லை. பேசிக்கொண்டு போக ஆளும் இல்லை. வண்டி வந்து வீட்டு வாசலில் மாலையோடு நிற்கிறது. நல்ல நீலம். இன்றைக்கு அதில்தான் வந்திருக்க வேண்டும். நம்பர் பிளேட் எழுதி வரவில்லை என்று இன்று ஒரு நாள் மட்டும் சைக்கிள்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸ் பூஜையில் வாட்ச்மேன் அண்ணன் என் சக்கரத்துக்கும் மறக்காமல் ஒரு பழம் வைத்தார். ஏறி மிதித்தேன். ஓடிப்போய் ஜெனரேட்டர் பக்கம் நின்றது. அதை எடுக்கப் போகவில்லை. பின்னால் ஏறு என்று சொல்ல எனக்கு யாரைத் தெரியும்? உன் சாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது. சூடப் புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை தெப்பக்குளத்துத் திருப்பத்தில் மூன்று பூசணிக்காய்கள் உடைந்து கிடந்தன. ஒரு பஸ் அதன் மேலேயே ஏறிப் போயிருந்ததால் சாலை முழுக்கச் செக்கச்செவேல் என்று சளசளத்துக் கிடந்தது. நான் சுற்றிக்கொண்டு கடந்துவிட்டேன். உண்மையில் கடந்தேதான் விட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. யாரும் விழவில்லை. பைக்கில் வந்த ஒருவர் காலை ஊன்றிச் சமாளித்து நின்றார்.

சைக்கிளைத் திருப்பினேன். அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். காலால் தள்ளினேன். அப்பிக்கிடந்ததைக் கையால் எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. பைக்கில் வந்தவர் அருகில் வந்து, "அக்கா, தொடாதீங்கக்கா, கழிச்சது அது" என்றார். என் குரலைப் போலவே இருந்தது.

"ஒட்டட்டும் தம்பி. நம்மளையும் நாலு பேரு பொறாமையாப் பாக்கட்டும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சொன்னபோது எனக்கும்தான் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர் போன் செய்தார். நம்பர் தயாராகிவிட்டதாம். "நாளையிலருந்து நீ ஸ்கூட்டர்ல போயிரலாம்" என்றார்.

"அதை நீங்களே ஓட்டுங்க. நான் சைக்கிள்லயே போறேன்."

"என்னாச்சு திடீர்னு?"

ஸ்கூட்டரில் போகிறவள் அந்தத் திருப்பத்தில் நிற்க மாட்டாள். எனக்கு என்னைத் தெரியும். சைக்கிளில் போயே இன்று ஒருமுறை தாண்டிவிட்டேன். "நான் வழியில எறங்கி எறங்கிப் போறவ. சாயங்காலம் வாரேன், பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் சண்டை இருக்கிறது. இருக்கட்டும்.

பிறகு கீழே போய் வாட்ச்மேன் அண்ணனிடம், தேய்ந்த விளக்குமாறு ஒன்று இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார்.

"தெப்பக்குளத்துல இன்னும் கொஞ்சம் கெடக்கு. கூட்டணும்."

"அந்தம்மா காலாலதானே எத்தும்" என்றார். நீ அவரிடமும் சொல்லியிருக்கிறாய். பிறகு உள்ளே போய் எடுத்து வந்து, வாழைநார் போட்டு அவரே கட்டிக்கொடுத்தார்.

கேரியரில் இப்போது அதுதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கனத்துக்கு எலுமிச்சம்பழம் நசுங்காது.