உழவர் முன்னணிக்கு எழுதிய ஒரு வரி

22.08.2000, செவ்வாய்
தேர்தல் வருகிறது. எங்கள் தகவல் நிலையம் கைநூல் ஒன்று போடப்போகிறது. வன்னியில் போட்டியிடும் கட்சிகளின் பெயர், சின்னம், தொடங்கிய ஆண்டு, கொள்கை. கொள்கைக்கு ஒரே ஒரு வரிதான் இடம். அதன் கீழே சின்ன எழுத்தில் ஆதாரம். நிலையத்தை நடத்தும் பாதர் சூசைப்பிள்ளை முழு வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். "உமக்குத்தானே பேப்பர் வெட்டி ஒட்டுற விசர், விமலேஸ்வரி" என்றார். வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளே சந்தோஷம்தான். முல்லைத்தீவை விட்டு வந்து வவுனியாவில் வாடகை அறையில் கிடப்பவளுக்கு, நம்பித் தரப்பட்ட ஒரு வேலை.

30.08.2000, புதன்
விதி எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கட்சி தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆதாரம் ஆகாது. எதிராளி சொல்வதும் ஆகாது. வாய்க்கதை ஆகவே ஆகாது. குறைந்தது இரண்டு பத்திரிகைகள் எழுதியிருக்க வேண்டும். பாதர் வாசித்துவிட்டு, "நீர் நீதவானாப் போயிருக்கலாம்" என்றார்.

07.09.2000, வியாழன்
பெரிய கட்சிகள் முடிந்தன. உழவர் முன்னணியில் வந்து நிற்கிறேன். பூவரசங்குளம் பக்கத்து விவசாயிகள் போன வருடம் தொடங்கியது. துண்டுப்பிரசுரம் ஒன்றுதான் கையில் இருக்கிறது: குளத்தைத் திருத்து, தண்ணீரை எல்லாருக்கும் பங்கிடு, இடம்பெயர்ந்தவன் எந்தச் சனமானாலும் காணி கொடு. செயலாளர் நடராசா. தலைவர் அன்ஸார்.

அன்ஸார் என் நஸீஹாவின் கணவர். அவளும் நானும் முல்லைத்தீவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவளைக் கடைசியாகக் கண்டேன். புத்தளத்து முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது பூவரசங்குளத்தில் குத்தகை வயல் செய்கிறார்கள்.

09.09.2000, சனி
நஸீஹா நிலையத்துக்கே வந்துவிட்டாள். கதிரையில் இருக்கக்கூட இல்லை.
"ஏண்டி, எங்கட கட்சியையும் புத்தகத்தில போடுறியாமே? ஒருக்கா கூட்டத்துக்கு வந்து பாரன். ஆர் ஆர் இருக்கினம் எண்டு உன்ர கண்ணால பார். நடராசா அண்ணையின்ர தமிழ் ஆக்கள்தான் எங்களை விடக் கூட."
வாறன் என்றேன். போவேனா? சிநேகிதியின் அழைப்பு, சிநேகிதியின் புருஷன், அவள் வீட்டுத் தேத்தண்ணி. போய்ப் பார்த்துவிட்டு நல்லதாக எழுதினால் யார் நம்புவார்கள்? சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறுவதை நினைத்தாலும் அலுப்பு. உண்மையைச் சொன்னால் அலுப்பு இரண்டாவது காரணம்தான்.

12.09.2000, செவ்வாய்
கிடைத்துவிட்டது. மூன்று பத்திரிகைகள்! மூன்றிலும், உழவர் முன்னணி முஸ்லிம்களின் நலனுக்காகவே தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது என்று இருக்கிறது. வசனம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. செய்தியாளர் பெயரும் வேறு வேறு. விதி கேட்டது இரண்டு, என்னிடம் மூன்று.

"முஸ்லிம் இனச் சார்பு" என்று எழுதினேன். 'கூறப்படுகிறது' வரிக்குள் அடங்கவில்லை. கை கொஞ்சம் கூசியது. கூசினாலும் சிநேகிதி என்று பார்க்காமல் எழுதினேன். அது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

25.09.2000, திங்கள்
கைநூல் வந்தது. பள்ளிக்கூடம், கோயில், கடை, முகாம் என்று எல்லா இடமும் போகிறது. மை வாசம் கையை விட்டுப் போகவில்லை.

29.09.2000, வெள்ளி
அக்காவுக்கு ரெலிபோன் எடுக்கக் கொமினிக்கேசன் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஸ்ரனிஸ்லஸ், பத்திரிகை நிருபர். ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்கு வாசித்தார். வைத்துவிட்டு இன்னொன்றுக்கு எடுத்தார். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு இடத்திலும் வேறு பெயர் சொன்னார்.

மூன்றுக்கும் நீங்களோ என்று கேட்டேன்.
"மூண்டுக்கும் நான்தானே அக்கா. இஞ்ச வேற ஆர் இருக்கு?" என்று சிரித்தார்.
"உழவர் முன்னணியைப் பற்றி எழுதினதும் நீங்களோ?"
"ஓம். எதிரா நிக்கிற ஒருத்தர் மேடையில சொன்னவர். அதுதான் 'கூறப்படுகிறது' எண்டு போட்டனான். உங்கட புத்தகத்தில அந்தச் சொல்லைக் காணேல்லை?"
எதிராளியின் ஒரு வாய்க்கதை. என் விதி தள்ளி வைத்த இரண்டும் சேர்ந்து, மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. நான் கதவைத் திறந்து இருத்தி வைத்திருக்கிறேன். அக்காவோடு கதைக்காமலே திரும்பினேன்.

30.09.2000, சனி
பாதரிடம் சொன்னேன். திருத்தத் துண்டு ஒன்று அடித்துக் கொடுப்போம் என்றேன். பாதர் மறுத்தார்.
"தேர்தலுக்கு முன்னால ஒரு கட்சிக்கு மட்டும் திருத்தம் விட்டால், நாங்கள் அவையின்ர ஆக்கள் எண்டுவினம். மற்ற இருபது பேரும் வாசலில நிப்பினம்."
அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

02.10.2000, திங்கள்
நடராசா அண்ணை சைக்கிளில் வந்தார். பூவரசங்குளத்திலிருந்து சைக்கிளில்! கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.
"பிள்ளை, எங்கட பக்கத்து ஆக்கள் ஒவ்வொருத்தராக் கழருகினம். சோனகரின்ர கட்சிக்கு நாங்கள் ஏன் மாடா உழைக்கிறம் எண்டு கேக்கினம். இல்லையெண்டு நான் சொன்னால் ஆர் கேக்கினம்? பாதரின்ர புத்தகத்தில அச்சில கிடக்கு. அது பிழையெண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. நான் கொண்டுபோய்க் காட்டுறன்."
பாதரைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.
ஏன் எழுதிக் கொடுக்கேல்லை? பேனை கையிலதானே இருந்தது. என்ர கை, என்ர பிழை, என்ர ஒரு வரி. வேலை போயிடும் எண்ட பயமோ, இல்லாட்டி விமலேஸ்வரி பிழை விட்டாள் எண்டு ஊர் சொல்லும் எண்ட வெக்கமோ? ரெண்டும்தான்.

11.10.2000, புதன்
உழவர் முன்னணி தோற்றுவிட்டது. எப்படியும் தோற்றிருக்கும், வாக்கை நினைத்து நான் அழவில்லை. நடராசா அண்ணை விலகிவிட்டாராம்.

14.01.2001, ஞாயிறு
பொங்கல். ஒவ்வொரு பொங்கலுக்கும் நஸீஹாவிடமிருந்து ஒரு வாழ்த்து வரும், புத்தளத்து முகாமில் இருந்தபோதும் வந்தது. இந்த முறை இல்லை.

31.10.2001, புதன்
மறுபடியும் தேர்தல். கைநூல் இரண்டாம் பதிப்பு. முதல் வேலையாக அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றேன். "ஆதாரம் கொண்டு வாரும்" என்றார் பாதர்.

தேடினேன். கொழும்பு ஆய்வு நிறுவனம் ஒன்றின் தடித்த புத்தகத்தில் 'முஸ்லிம் இனச் சார்பு' என்று இருக்கிறது. அடிக்குறிப்பில் எங்கள் கைநூல். பத்திரிகைக் கட்டுரை ஒன்றிலும் அதே சொல், ஆதாரம் அந்தத் தடித்த புத்தகம்.
"ஆதாரம் கூடித்தானே இருக்கு பிள்ளை" என்றார் பாதர்.
"அது எல்லாம் நான்தான் பாதர்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நேர போய்ப் பாரும்" என்றார். போன வருடம் நஸீஹாவும் இதைத்தான் சொன்னாள்.

18.11.2001, ஞாயிறு
பூவரசங்குளம் போய் வந்தேன். நோன்பு தொடங்கிவிட்டது என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது.
"வாங்கோ, இருங்கோ" என்றாள் நஸீஹா. என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாடி, போடி, எருமை, இவைதான் எனக்குத் தெரியும்.

அன்ஸார் ஒளிக்காமல் சொன்னார். நடராசா அண்ணையோடு அவர் பக்கத்துச் சனம் முழுக்கப் போய்விட்டது. தண்ணீர்ப் பங்குக் கூட்டம்கூட இப்போது இரண்டாக நடக்கிறது. மிஞ்சியது முஸ்லிம் குடும்பங்கள்தான். இந்த முறை ஒரு முஸ்லிம் கட்சியோடு சேர்ந்து தேர்தல் கேட்கிறார்கள்.
"வேற ஆர் எங்களைச் சேக்கினம்? காணியும் தண்ணியும் எங்கட சனத்துக்கு மட்டும் கேப்பம் எண்டு தீர்மானமும் எடுத்திட்டம். நீங்கள் எழுதினது இப்ப சரிதான், தங்கச்சி."
குத்திக்காட்டிச் சொன்னாரா? இல்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நஸீஹா எழுந்து குசினிக்குள் போனாள். நோன்போடு இருந்துகொண்டு எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் நோன்பென்றால் நானும் சாப்பாட்டைத் திறக்கமாட்டேன். இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட எனக்கு இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்து முடித்தேன்.

19.11.2001, திங்கள்
பாதர் கேட்டார். கண்டதைச் சொன்னேன்.
"அப்ப திருத்தத் தேவையில்லை" என்றார்.
வரி அப்படியே அச்சுக்குப் போகிறது. ஆதாரம் என்ற இடத்தில் இருந்ததை வெட்டிவிட்டு, 'நேரில் பார்த்தது' என்று எழுதினேன்.