ஏழாம் செடியின் பை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பது பூவில் ஒன்பது பாழ். யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதையும் கிள்ளி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், பிஸ்கட் திருடியவள் மாதிரி.

நெல்லுக்கு இருக்கிற அழுத்தம் வேறெந்தப் பயிருக்கும் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே உமிக்குள். பூ வாய் திறப்பதற்குள் உள்ளேயே கல்யாணம் முடிந்துவிடும். வேறு ரகத்தோடு சேர்க்க வேண்டுமென்றால், முந்தின நாளே உமியின் தலையை வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ட்வீசரால் எடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் வீண். நடுவில் இருக்கிற சூல்முடியில் இடித்தாலும் வீண். பத்தொன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இப்போது வலது கை நடுங்குகிறது. டாக்டர், "உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா, நடுக்கம் மட்டும் இருக்கும்" என்றார்.

மட்டுமாம்!

மார்ச் 7, வெள்ளி

பதின்மூன்று பாழ்.

மார்ச் 12, புதன்

ஆராய்ச்சியை நடத்தும் மேடம் தன் பன்னிரண்டு செடிகளை என்னிடம் ஒப்படைத்தார். நான்கு வருஷமாக ஆய்வகத்திலேயே வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தவை. மகரந்தத்தை உண்டாக்கும் ஒரு மரபணுவின் வாயை அடைத்துவிட்டார்களாம். பூ பூக்கும், ஆனால் மகரந்தம் இருக்காது. ட்வீசரே வேண்டாம். பக்கத்து ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டினால் போதும்.

"அப்ப இது எப்படி மேடம் பெருகும்?" என்று கேட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அக்கா என்பார். "இதே குடும்பத்துல மகரந்தம் உள்ள செடிகளும் வச்சிருக்கோம்க்கா. அதுல வர்ற விதைல பாதி, விளக்கடியில சிவப்பா மினுங்கும். மினுங்காத பாதி இந்த மாதிரி வரும். பிரிச்சு எடுத்துக்கலாம்."

முதலில் சோதனை. பூக்குமுன் எல்லாக் கதிருக்கும் காகிதப் பை மாட்டி, ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே ஒரு மணிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அடைப்பு கசிகிறது என்று அர்த்தம். மே 15 அன்று மதிப்பீட்டுக் குழு கூடித் திட்டம் தொடரட்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்லும்.

சாப்பிடும்போது உரம் கலக்குகிறவர், "இது வந்துட்டா நம்ம வேலைக்கு உலைதான்" என்று புலம்பினார். எனக்கு இது வந்தால்தான் வேலையே. தட்டுவதற்கு எந்தக் கையும் போதும்.

மார்ச் 18, செவ்வாய்

பார்த்துவிட்டேன்! ஏழாம் செடியின் பையைப் பிரித்து, பத்து மணிக்கு, எல்லாப் பூவும் திறந்திருக்கும்போது. ரெண்டே நிமிஷம். மகரந்தப் பைகள் வெள்ளை வெளேரென்று, சுருங்கி, வெறும் சக்கையாகத் தொங்குகின்றன. மஞ்சள் தூள் ஒரு துளி இல்லை. மகரந்தத்துக்காகப் பூக்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பையைத் திரும்ப மாட்டி ஊசி குத்திவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தேன். "என்ன விசேஷம்?" என்றார். ஒண்ணுமில்லை என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பன்னிரண்டு செடிகளின் பையையும் மேடமே பிரித்தார். பதினொன்றில் வெறும் பதர். ஏழாவதில் நான்கு மணி.

மேடம் கத்தவில்லை. நான்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கசியுதுக்கா" என்றார். "பன்னெண்டுல ஒண்ணுன்னாலும் கசிவு கசிவுதான். குழு இழுத்து மூடிருவாங்க."

நான் பையைப் பிரித்த அன்றைக்குப் பக்கத்து மேடையில் ஊதா இலை ரகம் பூத்து நின்றது. பத்து மணிக்கு மின்விசிறி தானாக ஓட ஆரம்பிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பூக்கிற நேரத்தில் பையைத் தொடாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! புதிதாக வந்தவர்கூடச் செய்யாத காரியம். ஏண்டி, உனக்கு புத்தி எங்கடி போச்சு?

ஏப்ரல் 18, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன். எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நினைப்பார். "உன்னைய யாராவது கேட்டாங்களா?" "இல்லை." "அப்புறம் நீயா போய் ஏன் வாயக் குடுக்கிற? ஏன் பிரிச்சேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அதுதான். ஏன் பிரித்தேன் என்றால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையைப் பற்றிச் சொன்னால் ஜூனில் என் வேலை ஒப்பந்தத்தை யார் புதுப்பிப்பார்கள்?

ஏப்ரல் 21, திங்கள்

சொல்லவில்லை. மேடம் அறிக்கை தட்டச்சு செய்யும் சத்தம் மதியம் முழுக்கக் கேட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மேடம் நம்பவில்லை. "என்னைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்களாக்கா? வேண்டாம்" என்றார். சத்தியமாகப் பிரித்தேன் என்றேன். அப்புறம்தான் கோபம் வந்தது. "பத்தொன்பது வருஷம்! பை மாட்டச் சொல்லிக் குடுக்கிறதே நீங்கதான். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

வலது கையை மேசைமேல் நீட்டினேன். நீட்டினால் போதும், அதுவே பேசும். மேடம் பார்த்தார்.

"ஆசை மேடம்" என்றேன். "மகரந்தம் நிஜமாவே இல்லையான்னு பாக்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்ல."

"நீங்க சொல்றத வச்சு நான் அறிக்கைய மாத்த முடியாதுக்கா."

"மாத்த வேணாம். அந்த நாலையும் விதைச்சுப் பாருங்க. கசிவுன்னா அம்மா மாதிரியே பச்சையா வரும். காத்துல வந்த மகரந்தம்னா அப்பன் ஊதா இலைக்காரன். புள்ளையப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

மேடம் எழுந்து போய் நான்கு மணிகளையும் உலர்பெட்டியில் வைத்தார். புது நெல் உடனே முளைக்காது, ஐந்து நாள் சூடு காட்டி எழுப்ப வேண்டும். என்னிடமிருந்த பசுமைக்குடிலின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மே 2, வெள்ளி

ஒன்று அழுகிவிட்டது. மூன்று முளைத்திருக்கிறதாம், உரக்காரர் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டேன். "முளைக்கு என்ன நிறம், வெள்ளைதான்" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

மே 5, திங்கள்

பச்சையாம். மூன்றும்.

அப்படியானால் செடி நிஜமாகவே கசிகிறதா? நான் பிரிக்காமல் இருந்திருந்தாலும் இந்த மணிகள் வந்திருக்குமா? பழி என்மேல் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் அழுதுகொண்டிருக்கிறேன். எனக்கு அந்தச் செடி வேணும். பழி என்மேலயே இருக்கட்டும், செடி பொழைக்கட்டும்.

மே 7, புதன்

மேடமே விதை அறைக்கு வந்து கூப்பிட்டார். "வாங்கக்கா."

தட்டின் முன் குனிந்தேன். மூன்று நாற்று. நுனி பச்சைதான். ஆனால் அடியில் இலை உறை ஊதா. மூன்றிலும். இரண்டாம் இலையின் ஓரத்தில் மை தொட்ட மாதிரி ஊதா ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த உரக்காரர், "அப்பன் மூக்கு அப்படியே இருக்கே" என்றார். மேடம் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

மே 15, வியாழன்

திட்டம் தொடரலாம் என்று குழு சொல்லிவிட்டது. பையைத் திறந்தது யார் என்று ஒருவர் கேட்டாராம். "எங்க மூத்த தொழில்நுட்பர். அவங்களே வந்து சொன்னாங்க" என்று மேடம் பதில் சொன்னாராம். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. சோதனைச் செடிகளைத் தொடக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நியாயம்தான், ஆனாலும் வலிக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு வருஷம் இல்லை, ஒன்றுதான். உடல்நிலை என்ற இடத்தில் "கை நடுக்கம்" என்று நானே எழுதினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆகஸ்டில் மகரந்தமில்லாச் செடிகளோடு செய்த முதல் கலப்பு இன்று அறுவடை. இது சோதனை இல்லை, வேலை என்பதால் எனக்கும் அனுமதி. பத்துக் கதிர்கள் நான் தட்டியவை. மேடம் எதிரே உட்கார்ந்து மணிகளை எண்ணினார்; நானும் எண்ணினேன். இருவருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு. ட்வீசரோடு நான் நன்றாக இருந்த காலத்தில்கூட ஒரு வாரமாகியிருக்கும். இதைத் தட்டியது ஒரே காலையில்.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். 'கலப்பு செய்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கோடு தாண்டி, பக்கத்துக் கட்டத்துக்குள் போய் முடிந்தது. வெள்ளை மை தேடினேன். "இருக்கட்டும்க்கா, படிக்க முடியுது" என்று சொல்லி, மிச்சமிருந்த இடத்தில் மேடம் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார்.