பிள்ளைகள் கரைசேர்த்த படகு

அன்புள்ள ஜெயா அக்கா,

நீங்கள் பாதியில் விட்டுப் போன கதையைப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எட்டயபுரம் சாலையில் இருக்கும் நம் பள்ளிக்கு நாம் இரண்டே டீச்சர்கள். ஒன்றும் இரண்டும் எனக்கு, மூன்று முதல் ஐந்து வரை உங்களுக்கு. நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் நீங்கள் இங்கிலீஷில் கதை சொல்வது எனக்கு எரிச்சலாக இருந்தது. கதையில் நம் ஊர்ப் பிள்ளைகளே தூத்துக்குடியில் ஒரு படகில் ஏறுகிறார்கள். கயிறு அவிழ்ந்து, ஆளில்லாத தீவில் போய் ஒதுங்குகிறார்கள். தினமும் பத்து வாக்கியம்தான். "வாட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?" என்று அவர்கள் கேட்டால்தான் பதினோராவது வாக்கியம் வரும்.

"பாடத்த விட்டுட்டுக் கதை சொல்லுதீங்களே அக்கா, ஆபீசர் வந்தா என்ன செய்வீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாடத்தையும் முடிச்சிருதேன் லட்சுமி. முதல்ல இவங்க வாயத் திறக்கட்டும்" என்றீர்கள்.

என் வாயை அடைத்தவள் முத்துமாரி. ஐந்தாம் வகுப்பின் நடுவில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள், மூன்று வாரம் கழித்து அம்மாவோடு வந்து நின்றாள். "தீவுல என்னாச்சு, என்னாச்சுன்னு ஒரே நச்சரிப்பு டீச்சர். இவ இங்கனயே இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கம், சிட் டவுன். த போட் இஸ் புரோக்கன்" என்று கதையைத் தொடர்ந்தீர்கள்.

பொங்கல் லீவில் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். உங்களுக்கு நெஞ்சுவலி என்றார், எல்லாம் முடிந்துவிட்டது என்றார். ரொம்ப வலித்ததா அக்கா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

லீவு முடிந்ததும் ஐந்து வகுப்பும் என்னிடம் வந்தன. பிள்ளைகள் அழுது ஓய்ந்த பிறகு சுடலைமணி கேட்டான்: "டீச்சர், நாங்க தீவுலயே கெடக்கோமே. மீதிய நீங்க சொல்லுங்க."

எனக்குக் கதையும் தெரியாது, அந்த அளவுக்கு இங்கிலீஷும் வராது. வெட்கத்தை விட்டு அதைச் சொன்னேன்.

முத்துமாரி எழுந்தாள். "ஐ வில் டெல், டீச்சர்."

உடைந்த பலகையைப் பனைநாரால் இறுகக் கட்டினாள். இன்னொருத்தி குடிக்க மழை பெய்யவைத்தாள். சுடலைமணி தன் சட்டையைப் பாயாக ஏற்றினான். நான் கரும்பலகையில் எழுத எழுத, "டீச்சர், அதுல இன்னொரு 'ஈ' வரும்" என்று திருத்தினார்கள். நாலு நாள் அலையோடு மல்லுக்கட்டி, ஐந்தாம் நாள் கரையைப் பிடித்தார்கள். "வி கேம் ஹோம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒரு வரிகூடத் தமிழில் இல்லை அக்கா. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூனில் முத்துமாரி கோவில்பட்டியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். அவள் இங்கிலீஷ் வாசித்ததைக் கேட்டு அங்குள்ள டீச்சர், "எந்த கான்வென்ட்ல படிச்ச?" என்றாராம். "கான்வென்ட் இல்ல டீச்சர், எங்க ஊர்ப் பள்ளிக்கூடம். ஜெயா டீச்சர் கிளாஸ்" என்றிருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னிடம் சொல்ல ஓடிவந்தாள். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது அக்கா.

இந்த வருஷத்துப் பிள்ளைகளை நான் என் கதையில் ரயிலில் ஏற்றப்போகிறேன். மணியாச்சியில் அவர்கள் பெட்டி மட்டும் தனியாகக் கழன்றுகொள்ளும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. இங்கிலீஷ் தப்பும் தவறுமாகத்தான் வரும். ஆனாலும் ஒருநாள்கூட நிறுத்தாமல் சொல்வேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
லட்சுமி